ரெண்டு மடக்கு குடிச்சாச்சா?

துபெர்னெய் என்று ஒருவன் இருந்தான். இருந்தான் என்ன, இப்போதும் இருக்கிறான், குத்துக்கல் மாதிரி. ஆனால் நான் சொல்ல வந்தது லௌரேலெஸ் பேட்டையில் எங்கள் ஆபீஸ் இருந்த வீட்டு மாடியில், ஜன்னலோரம், ஒரு கையில் அரெப்பா என்ற சோள அடையும் மறு கையில் கீபோர்டுமாக உட்கார்ந்திருந்த துபெர்னெயை. அந்த வீடு இப்போது பல் ஆஸ்பத்திரி. போன வாரம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்ற மாமரத்தை வெட்டிவிட்டார்கள், பாவிகள். அந்த மரத்திலிருந்து பழம் விழுந்து எங்கள் முதலாளியின் கார் கண்ணாடி உடைந்த அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். வாய்விட்டே திட்டிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரை முறைத்தேன்.

என் பெயர் ஹில்மா. கொலம்பியாவில், மெதெயினில் பிறந்து மெதெயினிலேயே முட்டி தேய்ந்தவள். பல வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்துவிட்டு, தலைமை நர்ஸிடம் வாயைக் கொடுத்து வெளியே வந்தவள். அப்போதுதான் ஹெரோனிமோ என்னைப் பிடித்தான். எல் பொப்லாதோ பக்கத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை, நல்லவன்தான், ஆனால் வாயைத் திறந்தால் புது உலகம், புது யுகம். அவன் ஆரம்பித்த கம்பெனிக்குப் பெயர் ‘அமனெசியோ’. ‘பொழுது விடிந்தது’ என்று அர்த்தம். இதயம் பலவீனமானவர்களுக்குத் தினமும் காலையில் போனில் ஒரு செய்தி போகும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும். அவர்கள் எழுதும் பதிலைப் படித்து ஒரு புரோகிராம் கலர்ப் புள்ளி போடும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனி. சிவப்பு என்றால் ஓடு.

போனில் நோயாளிகளோடு பேசுவது என் வேலை. அதற்கு ஹெரோனிமோ வைத்த பதவிப் பெயர் ‘பயனாளர் மகிழ்ச்சித் தலைவி’. “பயனாளர் என்னடா பயனாளர், அவங்க நோயாளிங்க” என்றேன். “தோன்யா ஹில்மா, முதலீடு போடறவங்களுக்கு அந்த வார்த்தை பிடிக்காது” என்றான். முதல் நாள் என்னையும் மச்சி என்று கூப்பிட்டான். ஒரு பார்வை பார்த்தேன். அன்றிலிருந்து தோன்யா ஹில்மாதான்; பெரியவர்களில் பெண்ணுக்குத் தோன்யா, ஆணுக்குத் தோன், அதுதான் எங்கள் ஊர் மரியாதை.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டு கூட்டம் போடுவார்கள். நின்றால்தான் சீக்கிரம் முடியுமாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். “வாழ்நாள் பூரா வார்டுல நின்னாச்சு, இங்கயும் நிக்க முடியாது” என்பேன். எனக்குப் பின்னால் துபெர்னெய் நிற்பான், என் நாற்காலி முதுகில் சாய்ந்துகொண்டு. மெலிந்த உடம்பு. எப்போதும் நம்ம ஊர் சிவப்புக் கால்பந்து அணியின் சட்டை, அது தோற்ற மறுநாள்கூட. “நேத்துதான் அடி வாங்கினாங்க, இன்னிக்குமா இதைப் போடுற?” என்று கேட்டால், “அடி வாங்கின அன்னிக்குத்தான் தோன்யா போடணும்” என்பான். புரோகிராம் எழுதும்போது அதனோடு பேசுவான். “வா ராசாத்தி, வா, இன்னும் ஒரே ஒரு வரி” என்று கொஞ்சுவான். அது கேட்காவிட்டால் அவன் பேசும் பேச்சை நான் இங்கே எழுத முடியாது.

அவன் பிறந்தது மன்ரீக்கேயில், மலைச்சரிவில், மூச்சு வாங்காமல் ஏற முடியாத படிக்கட்டுகளின் உச்சியில் ஒரு வீட்டில். அப்பா தோன் அர்செஸியோ பஸ் ஓட்டியவர். அம்மா ரோஸ்மிரா. ஒரே பிள்ளை. படித்தான், பொகோட்டாவில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை, டையெல்லாம் கட்டிக்கொண்டு. ஞாயிறுதோறும் அம்மாவுக்கு போன் செய்வான். “எப்படிம்மா இருக்க?” “நல்லா இருக்கேன் ராசா, கடவுள் புண்ணியம், நீ எப்படி இருக்க?” இவன் பொகோட்டா குளிரைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பிவிட்டு வைத்துவிடுவான். அவளுக்குள் புற்றுநோய் பரவி முடியும்வரை அந்த ‘நல்லா இருக்கேன்’ ஓயவில்லை. பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. இவன் வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஆளைத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்க, துபெர்னெய் அப்பாவிடம் சொன்னான்: “உங்களுக்குத் தெரியுமில்ல? வாயை மூடி மூடியே அவளைக் கொன்னுட்டீங்க.” பையனிடம் சொல்லாதே என்று அவரைக் கேட்டுக்கொண்டவள் ரோஸ்மிராதான். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிற ஆள் இல்லை அந்த மனிதர். “வெளிய போ. இந்த வாசலை மிதிக்காதே” என்றார். அவனும் மிதிக்கவில்லை. வங்கி வேலையை விட்டான், டையை விட்டான், ஊருக்குத் திரும்பி வாடகை அறையில் தங்கி, ஹெரோனிமோவின் மாடியில் வந்து உட்கார்ந்தான். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, ‘நிஜமா எப்படி இருக்கீங்க’ என்று கேட்கும் ஒரு மெஷின். அதைத்தான் அவன் கட்டினான். இதை அவன் என்னிடம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை, புன்யுவெலோ என்ற சீஸ் போண்டா தின்னும்போது, வாயில் பாதி மென்றபடி, ஏதோ மழை வருகிறது என்று சொல்வதுபோல.

ஆரம்பத்தில் அந்த மெஷினுக்கு ஒருத்தர்கூடப் பதில் எழுதவில்லை. ‘மதிப்பிற்குரிய பயனாளரே, இன்றைய அறிகுறிகளைத் தெரிவிக்கவும்’ என்று அனுப்பினால் எவன் எழுதுவான்? கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார்கள். ஹெரோனிமோ தலையில் கை வைத்து உட்கார்ந்தான். ஒரு நாள் காலை துபெர்னெய் யாரையும் கேட்காமல் அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதினான்.

‘எப்படி விடிஞ்சுது? ரெண்டு மடக்கு குடிச்சாச்சா, இல்ல கெஞ்சணுமா?’

மத்தியானத்துக்குள் பதில்கள் கொட்டின. எங்கள் மலைநாட்டில் மடக்கு என்றால், எழுந்தவுடன் பல்கூடத் துலக்காமல் குடிக்கிற சூடான வெல்லத் தண்ணீர், அல்லது கறுப்புக் காப்பி. அது உள்ளே போனால்தான் மனிதன் மனிதன். நோயாளிகள் கதை கதையாக எழுதினார்கள். ஹெரோனிமோ துபெர்னெயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது பொகோட்டாவிலிருந்து காப்பீட்டுக் கம்பெனி டாக்டர் வந்தார். நோயாளிகளை எங்களிடம் அனுப்பியது அந்தக் கம்பெனிதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார். முகம் சிவந்தது.

“இதய நோயாளிங்களப் பாத்து, காலங்காத்தால ரெண்டு மடக்கு போட்டாச்சான்னு கேக்கறீங்களா? அதுவும் போடலைன்னா கெஞ்சுவீங்களாமே!”

ஹெரோனிமோ முகத்தில் ஈயாடவில்லை. பொகோட்டாவில் மடக்கு என்றால் சாராயம் மட்டும்தான். எங்களுக்கும் அந்த மடக்கு உண்டு, ஆனால் அது சாயங்கால மடக்கு. நான்தான் வாயைத் திறந்தேன். “டாக்டர், ஆவே மரியா, இது வெல்லத் தண்ணி. கீழ வாங்க, உங்களுக்கும் ஒரு மடக்கு தர்றேன். குடிச்சிட்டு எங்களை ஜெயில்ல போடுங்க.” குடித்தார். இன்னொரு குவளையும் கேட்டார். பிழைத்தோம்.

‘இல்ல கெஞ்சணுமா’ என்பது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவனுடைய குறும்பு என்று நினைத்தேன்.

பிறகு வந்தது பொற்காலம். கீழே ஹாலில் பெரிய டிவி, அதில் நோயாளிகளின் புள்ளிகள், எல்லாம் பச்சை. பதில்களில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஆட்கள் ‘நல்லா விடிஞ்சுது’ என்று எழுதியதோடு நிறுத்துவதில்லை. கடவுள், மாதா, மழை, மருமகள் என்று பின்னாலேயே ஒரு பைபிள் வரும். மெஷின் குழம்பிப் போய், மருமகளைத் திட்டினால் சிவப்புப் புள்ளி போட்டது. துபெர்னெய் ஒரே வெட்டாக வெட்டினான். ‘நல்லா’ என்று ஆரம்பித்தால் பச்சை. அதற்குப் பின் வருவதை மெஷின் பார்க்காது, வைத்துக்கொள்ளவும் செய்யாது. எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். கால் உடைந்து கிடப்பவனைக் கேட்டாலும் எங்கள் ஊரில் ‘நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம், நீங்க எப்படி?’ என்றுதான் சொல்வான். கேட்டவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, அதுதான் மரியாதை. அப்படியே வளர்ந்தவர்கள் நாங்கள் அத்தனை பேரும், டிவியைப் பார்த்து, எல்லோரும் நலம் என்று நம்பினோம். அம்மாவை அந்த வார்த்தைக்குப் பறிகொடுத்தவனும் நம்பினான்.

ஒரு காலை நான் புதிய நோயாளிகளுக்கு முதல் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் எடுத்தவுடனே சண்டை.

“யாரும்மா நீ, காலங்காத்தால கத்துற?”

“நீங்க காது கேக்காத மாதிரி பேசுறீங்க, அதான் கத்துறேன். பேரச் சொல்லுங்க.”

“அர்செஸியோ. மன்ரீக்கே. பஸ் ஓட்டினவன். இதயம் இப்ப பழைய இன்ஜின் மாதிரி, மேட்டுல இழுக்க மாட்டேங்குது. போதுமா?”

“போதும். தினம் ஒரு மெசேஜ் வரும், பதில் எழுதணும்.”

“போன வச்சு விளையாடறதுதான் வேலையா உங்களுக்கு? என் பையனும் இப்படித்தான் கெட்டான்.”

வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன்: “மன்ரீக்கேல அர்செஸியோன்னு ஒரு ஆளு, என்னைவிட வாய் நீளம்!” மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த துபெர்னெய் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அது அவன் அப்பா என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பிறகு என் பக்கத்தில் வந்து, “இதயமா? எவ்வளவு மோசம்?” என்று கேட்டான். சொன்னேன். “நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரிய வேணாம் தோன்யா” என்றான். சரி என்றேன். போய்ப் பார் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன், என் வாழ்க்கையில் அபூர்வமாக.

அதன் பிறகு தினமும் காலையில் வந்தவுடன் அவன் டிவி முன்னால் நிற்பான். மேலே வலது மூலையில் அப்பாவின் புள்ளி. அது பச்சையாக மாறும்வரை காப்பிகூடக் குடிக்க மாட்டான். மாறியதும் ஒரு பெருமூச்சு, பிறகு மாடி ஏறுவான். அப்பாவும் பிள்ளையும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள் என்று நான் நினைத்தேன். ஒரு புள்ளி அளவுக்காவது பேசுகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள், கூட்டம் முடிந்து நான் நாற்காலியை நகர்த்தும்போது என் போன் அடித்தது. மன்ரீக்கேயில் தோன் அர்செஸியோவின் பக்கத்து வீட்டுக்காரி. அவர் படிக்கட்டில் மூச்சு நின்ற மாதிரி சரிந்துவிட்டாராம், உதடு நீலமாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். நான் டிவியைப் பார்த்தேன். வலது மூலையில் பச்சை ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

துபெர்னெயிடம் சொன்னேன். அவன் அந்தப் புள்ளியையே பார்த்தான். “நல்லா இருக்கேன்னு எழுதினாரே” என்றான், குழந்தை மாதிரி.

“வா போகலாம்.”

“வாசலை மிதிக்காதேன்னு சொல்லியிருக்கார். இந்த நெலமையில என்னப் பாத்து அவருக்கு ஏதாவது ஆயிட்டா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “மூட்டை கட்டி வச்சுக்கோ உன் ரோஷத்த” என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்து நானே போனேன்.

ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. அந்தக் கால் ஒரு நாளில் வீங்கியது இல்லை என்று தெரிந்தது.

“யாரு? போன்ல கத்துற பொம்பளையா?”

“அவளேதான். காலைல நல்லா விடிஞ்சுதுன்னு எழுதிட்டு இங்க வந்து படுத்திருக்கீங்களே, நல்லா இருக்கா இது?”

“நல்லாத்தான் விடிஞ்சுது. கடவுள் புண்ணியம்.”

“புண்ணியம் இருக்கட்டும். எத்தனை நாளா மூச்சு முட்டுது?”

“கொஞ்ச நாளா. படுத்தா முட்டும். தலையணை மேல தலையணையா வச்சுப் பாத்தேன். அப்புறம் நாற்காலியிலயே உக்காந்து தூங்கிட்டேன்.”

“இதை எழுதுறதுக்கு என்ன? கை வலிக்குதா?”

“எழுதினா அவன் பாவம் பாத்து ஓடி வருவான். பாவம் பாத்து வர வேணாம் எனக்கு.”

“எவன்?”

என்னை அடி முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “‘இல்ல கெஞ்சணுமா’ன்னு கேக்குறவ இந்த ஊர்லயே ஒருத்திதான் இருந்தா. தெனம் காலைல கட்டில் பக்கத்துல கோப்பையோட நின்னு கேப்பா. அவளை நான்தான் புதைச்சேன். அந்த வார்த்தை தெரிஞ்சவங்க இப்ப உசுரோட ரெண்டே பேரு. எனக்கு நானே மெசேஜ் அனுப்பிக்கல பாருங்க.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. தெனம் எழுதுவேன். நல்லா விடிஞ்சுது, கடவுள் புண்ணியம், நீ எப்படி இருக்க? நீங்கன்னு எழுதல தோன்யா, நீன்னுதான் எழுதினேன். மெஷினை யாராவது நீன்னு கேப்பாங்களா? அவனுக்குப் புரியணும்னுதான் எழுதினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பதில் போட்டானா? கல்நெஞ்சக்காரன். அவங்கப்பன் மாதிரியே.”

அந்த வெட்டுக்குக் கைதட்டியவள்தானே நானும். “தோன் அர்செஸியோ, அவன் அதப் பாக்கவே இல்ல. ‘நல்லா’ங்கிற வார்த்தைக்கு அப்புறம் வர்றதயெல்லாம் மெஷின் வெட்டிப் போட்டுரும்.”

“எந்தக் கழுத அப்படி வெட்டச் சொன்னது?”

“அவன்தான்.”

சிரிக்க ஆரம்பித்தார், அது இருமலாகியது, நர்ஸ் ஓடிவந்து என்னை முறைத்தாள். நான் வராந்தாவுக்குப் போய் போன் போட்டேன். “துபெர்னெய், உங்கப்பா இத்தனை மாசமா உன்னை ஒரு கேள்வி கேட்டுக்கிட்டிருக்காரு. வந்து பதில் சொல்லு.” என்ன கேள்வி என்றான். “வந்து கேட்டுக்கோ” என்று வைத்துவிட்டேன்.

மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து வந்து சேர்ந்தான். சிவப்புச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அறை வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

“இது என் வீட்டு வாசல் இல்ல” என்றார் தோன் அர்செஸியோ. “மிதிக்கலாம்.”

வந்தான். கட்டிலுக்கு ஒரு அடி தள்ளி நின்றான். என்ன பேசுவதென்று தெரியாதபோது எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பதையே கேட்டான். “எப்படிப்பா இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன், கடவுள் புண்ணியம்.” பிறகு, குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, “நீ எப்படி இருக்க?”

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதுதான்.

“நல்லா இல்லப்பா” என்றான் துபெர்னெய். “அம்மா போனதுலேர்ந்தே நல்லா இல்ல.”

பெரியவர் வீங்கிய காலை இரண்டு கைகளாலும் பிடித்து நகர்த்தி இடம் பண்ணினார். “உக்காரு” என்றார். “நானும் நல்லா இல்ல.”

நான் வெளியே வந்துவிட்டேன். மாதாவே, அந்த வராந்தாவில் நான் அழுத அழுகை!

மறுநாள் துபெர்னெய் அந்த வெட்டை எடுத்துவிட்டான். கூடவே ஒரு கேள்வி சேர்த்தான்: ‘நேத்து எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்க?’ உடம்பைப் பற்றிப் பொய் சொல்பவர்கள் தலையணையைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. ஒரே வாரத்தில் டிவி மஞ்சளும் சிவப்புமாகிவிட்டது. ஹெரோனிமோ முதலீட்டுக்காரர்களுக்கு என்ன காட்டுவது என்று புலம்பினான். “நோயாளிகளைக் காட்டு” என்றேன். ‘நீங்க எப்படி?’ என்று கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் நான் போன் போட்டுப் பதில் சொன்னேன். சாயங்காலம் தொண்டை கட்டிவிடும். அந்த மாதிரிக் களைப்பு, அந்த மாதிரிச் சந்தோஷம் எனக்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியது. மாமரத்து வீட்டைக் காலி செய்தார்கள். ‘மதிப்பிற்குரிய பயனாளரே’ திரும்பி வந்தார். துபெர்னெய் வேறு வேலைக்குப் போனான். தோன் அர்செஸியோவுக்கு மட்டும் அந்தக் காலைச் செய்தி நிற்கவே இல்லை. மெஷின் இல்லாமல் அவனே கையால் எழுதி அனுப்பினான், அவர் கண்மூடும்வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் படியேறிப் போய், கோப்பையோடு கட்டில் பக்கத்தில் நின்று நேரிலேயே கேட்டான்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை என் போன் கூவியது. அன்றிலிருந்து தினமும் கூவுகிறது. இன்றைக்கும் வந்தது.

‘எப்படி விடிஞ்சுது தோன்யா? ரெண்டு மடக்கு குடிச்சாச்சா, இல்ல கெஞ்சணுமா?’

கண்ணாடியைத் தேடி எடுத்து எழுதினேன்: ‘மோசம். மழைக்கு முட்டி ரெண்டும் போச்சு. வெல்லத் தண்ணி பொங்கி அடுப்பு அணஞ்சுபோச்சு. நீ எப்படி இருக்க?’

உடனே பதில் வந்துவிட்டது.